சாவகாசமும் தீவிரமும்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: காஷுவல், ஹார்ட்கோர். முதலாவதைச் சாவகாசம் என்றும் இரண்டாவதைத் தீவிரம் என்றும் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டதுமே இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் பரிச்சயமான ஒரு வாடை அடிக்கும். தீவிரம் என்ற சொல்லை நாம் நமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிக்கிறவர்கள் அந்தப் பக்கம். முந்நூறு பிரதி அச்சடித்து அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்திருக்கிற நாம் இந்தப் பக்கம். விளையாட்டு உலகத்திலும் இதே கோடு, ஏறக்குறைய இதே தோரணையோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்த்தால் நம்முடைய கோட்டைப் பற்றியும் ஏதாவது தெரியவரலாம் என்பதால் இதை எழுதுகிறேன். இதெல்லாம் சிறுபிள்ளை விஷயம் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். சாவகாச விளையாட்டு என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கைபேசியில் ஆடுவது. மிட்டாய்களையோ ரத்தினக் கற்களையோ மூன்று மூன்றாகச் சேர்ப்பது. கற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். பாதியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறலாம். தீவிர விளையாட்டுக்குத் தனி இயந்திரம் வேண்டும். இரண்டு கைகளுக்கும் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். இருண்ட கோட்டைகள், வாள்கள், துப்பாக்கிகள். முடிப்பதற்கு ஐம்பது அறுபது மணி நேரம். முன்னது பொழுதுபோக்கு, பின்னது ஈடுபாடு. ஆகவே விமர்சனத்துக்கு உரியது பின்னதுதான் என்று முடிக்கிறார்கள். இந்த ‘ஆகவே’யில்தான் எனக்குச் சந்தேகம்.

*

முதலில் கடினம் என்கிற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். தீவிர விளையாட்டு கடினமானது, சாவகாச விளையாட்டு சுலபமானது என்கிறார்கள். ஹனோய் நகரத்தில் டோங் நுயென் என்பவர் தனியாளாகச் செய்து 2013 மே மாதம் வெளியிட்ட ‘ஃப்ளாப்பி பேர்ட்’ இந்த அளவுகோலை முறித்துப் போடுகிறது. ஒரு பறவை, திரையைத் தட்டினால் எம்பும், தட்டாவிட்டால் விழும். பச்சைக் குழாய்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அதை நுழைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு குழாயில் உரசினால் சாவு, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. ஆறுதல் பரிசு கிடையாது, இரண்டாவது உயிர் கிடையாது. கருவியையும், ஆடுகிற இடத்தையும், பொம்மை போன்ற தோற்றத்தையும் வைத்துச் சொன்னால் இது சாவகாசம். இதன் இரக்கமின்மையை வைத்துச் சொன்னால், தீவிரம் என்று பெயர் வாங்கிய பல விளையாட்டுகள் இதன் முன்னால் தாய்மடி. 2014 தொடக்கத்தில் அது உலகம் முழுவதும் பரவியது. பிப்ரவரியில் நுயென் தானாகவே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். சில நிமிஷ இளைப்பாறலுக்காகச் செய்த பொருள் மனிதர்களை அடிமைப்படுத்துகிற பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

டெட்ரிஸை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 1984-ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அகாதமியின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழுகின்றன. அவற்றைத் திருப்பி, வரிசையை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான். பாட்டியும் ஆடலாம், பேரனும் ஆடலாம். இதே விளையாட்டின் 1989-ஆம் வருஷத்து நின்டென்டோ வடிவத்தை உயிர் மூச்சாகக் கொண்ட ஒரு கூட்டமும் இருக்கிறது. அதில் 29-ஆம் கட்டத்தில் விழும் வேகம் இரட்டிப்பாகும். அதற்கு மேல் மனிதக் கை எட்டாது என்று வெகுகாலம் கருதப்பட்டது. பிறகு, கட்டுப்பாட்டுக் கருவியின் முதுகுப்புறத்தில் விரல்களை மிருதங்கம் போல உருட்டித் தட்டுகிற ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் கட்டம் வரை போய், கணக்குப் போட முடியாமல் விளையாட்டே உறைந்து நிற்கும்படி செய்தான். மனிதர்களில் அங்கே முதலில் சென்றவன் அவன்தான். டெட்ரிஸ் எந்த ரகம்? பாட்டி ஆடும்போது ஒரு ரகம், பையன் ஆடும்போது வேறு ரகம் என்றால், ரகம் விளையாட்டில் இல்லை, ஆடுகிறவரிடம் இருக்கிறது என்றாகிறது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு உதாரணம். 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ ஒரு இளம் பெண் மலையேறுகிற விளையாட்டு. தாவல்கள் மிகக் கடினம். ஒரே திரையில் நூறு முறை சாகலாம். ஆனால் செத்த மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறோம். தண்டனை அதோடு சரி. போதாததற்கு, வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், சாகாத உடம்பை வாங்கிக்கொள்ளவும்கூட அதில் ஒரு உதவி முறை இருக்கிறது. அதைத் தொடாமல் ஆடுகிறவருக்கு மலை ஒரு அடிகூடத் தாழ்ந்துவிடவில்லை. அடுத்த வருஷம் ‘செகிரோ’ வெளிவந்தபோது, அதில் சுலப முறை ஒன்று இருக்கலாமா கூடாதா என்று பெரிய சர்ச்சை. பக்கத்து வீட்டுக்காரன் சுலபமாக ஏறிவிட்டால் என் மலை உயரம் குறைந்துபோகும் என்கிற கவலை அதில் பேசிய பலருடைய குரலில் இருந்தது. இந்தக் கவலைக்கும் ரசனைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

புரியாமையைப் பற்றி நாம் போட்ட சண்டைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒரு கவிதை கடினமாக இருப்பது அதற்குச் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. கடினத்தைக் கடந்து போன பிறகு கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கதவைப் பூட்டி வைத்திருப்பதாலேயே உள்ளே பொக்கிஷம் இருப்பதாக ஆகிவிடாது.

*

அடுத்தது நேரம். இதைப் பற்றி நிதானமாக யோசித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் யெஸ்பர் யூல். அவருடைய ‘எ காஷுவல் ரெவல்யூஷன்’ 2009-ல் வெளிவந்தது. சாவகாச ஆட்டக்காரர் கொஞ்ச நேரம்தான் ஆடுவார், கஷ்டத்தைக் கண்டால் ஓடிவிடுவார் என்கிற வழக்கமான சித்திரத்தை அவர் ஏற்கவில்லை. அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் மணிக்கணக்காக, பிடிவாதமாக, மேலும் கடினமான கட்டங்களைத் தேடி ஆடுகிறார்கள். ஆகவே யூல் பார்வையை ஆடுகிறவர்களிடமிருந்து விளையாட்டின் அமைப்புக்குத் திருப்பினார். சாவகாச விளையாட்டு வளைந்து கொடுக்கும் என்பது அவர் முடிவு. ஐந்து நிமிஷம் தந்தால் ஐந்து நிமிஷத்துக்கு, ஐந்து மணி நேரம் தந்தால் அதற்கும் அது சம்மதிக்கும். நடுவில் அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகலாம். தீவிர விளையாட்டு வளையாது. தன் நிபந்தனைகளுக்கு ஆடுகிறவரின் நாள் வளைந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் உருப்படியான சிந்தனை இதுதான். வசவாக இருந்த ஒரு சொல்லை அமைப்பைப் பற்றிய சொல்லாக யூல் மாற்றினார். 1990-ல் விண்டோஸ் 3.0-வுடன் வந்த சீட்டாட்டம் ஏன் அத்தனை ஆபீஸ்களில் நிலைத்தது என்பது இப்போது புரிகிறது. மேலதிகாரி வரும்போது மூடலாம், போன பிறகு திறக்கலாம், சீட்டுகள் கோபித்துக்கொள்வதில்லை. ‘டார்க் சோல்ஸ்’ போன்ற ஒன்றில், தனியாக ஆடும்போதுகூட ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கிற பொத்தான் கிடையாது. பையைத் திறந்து மருந்து தேடுகிற நேரத்தில் எதிரி வந்து வெட்டிவிடுவான்.

ஆனால் யூலின் கோடும் முழுவதும் நிற்கவில்லை. அவர் புத்தகம் வந்த அதே 2009-ல்தான் ஃபேஸ்புக்கில் ‘ஃபார்ம்வில்’ வந்தது. விதைப்பது, அறுப்பது, மாடு வளர்ப்பது. ஒரு குழந்தையும் ஆடலாம். யாரைக் கேட்டாலும் சாவகாசம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் விதைத்த பயிர் நான்கு மணி நேரத்தில் விளையும், அல்லது ஒரு நாளில் விளையும். குறித்த காலத்துக்குள் திரும்பி வந்து அறுக்காவிட்டால் வாடிப் போகும். நடுராத்திரிக்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து தக்காளி அறுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம்தான் கேட்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் எப்போது என்பதைத் தீர்மானிப்பது விளையாட்டு. டார்க் சோல்ஸ்கூட இப்படி ஆள் அனுப்பிக் கூப்பிடுவதில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்பினாலும், விட்ட இடத்தில் அந்தக் கோட்டை அப்படியே நிற்கும். யூல் விளையாட்டு நடந்துகொண்டிருக்கிற நேரத்தை அளந்தார். விளையாடாத நேரத்திலும் ஒரு விளையாட்டு மனிதனைப் பிடித்து வைத்திருக்க முடியும் என்பதைப் பிற்பாடு வந்த வியாபாரம் காட்டியது.

அமெரிக்க ஆய்வாளர் இயன் போகோஸ்ட் இதைக் கேலி செய்வதற்கென்றே 2010-ல் ‘கௌ கிளிக்கர்’ என்று ஒரு விளையாட்டைச் செய்தார். திரையில் ஒரு பசு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் தொடலாம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காசு கொடுத்து உடனே தொடலாம். இதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. கேலியைப் புரிந்துகொண்டு ஆடியவர்கள் இருந்தார்கள். அதைவிட, உண்மையாகவே ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2011-ல் போகோஸ்ட் பசுக்களையெல்லாம் மறையச் செய்தார். பசு நின்ற வெற்று இடத்தைத் தொட்டுக்கொண்டு சிலர் அப்புறமும் இருந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

கடினமும் நேரமும் பிரிக்காததை இந்தச் சொற்கள் வேறெதை வைத்துப் பிரிக்கின்றன? யாரைச் சாவகாசம் என்று அழைக்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. பெண்களை, வயதானவர்களை, பிற்பாடு வந்து சேர்ந்தவர்களை. 1980-ல் ‘பேக்-மேன்’ செய்த தோரு இவாதானி, விண்கலங்களைச் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்கள் நிறைந்த கூடத்துக்குள் பெண்களும் வரவேண்டும் என்றுதான் தின்பதை மையமாக வைத்து ஆட்டத்தை அமைத்தார். 2006-ல் நின்டென்டோவின் ‘வீ’ வந்து, கையை வீசினாலே பந்து போகும் என்றாக்கியபோது தாத்தா பாட்டிகளும் ஆடத் தொடங்கினார்கள். பழைய ஆட்டக்காரர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 2014-ல் அந்த முகச்சுளிப்பு முற்றிப் போய், விளையாட்டுகளைச் செய்த பெண்களையும் அவற்றைப் பற்றி எழுதிய பெண்களையும் கொலை மிரட்டல் விடுத்து வீட்டை விட்டே ஓடச் செய்கிற அளவுக்குப் போயிற்று. தங்களை அசல் ஆட்டக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்த காரியம் இது. தொடர்கதை படிக்கிறவர்களைப் பற்றி நாம் சொல்லி வந்த ஹாஸ்யங்களிலும் பாதி, தொடர்கதையைப் பற்றியவை அல்ல, மத்தியானத்தில் அதைப் படிக்கிற பெண்களைப் பற்றியவை.

இந்த மதிலை ஆட்டக்காரர்கள் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மதிலின் இரண்டு பக்கத்து நிலமும் ஒரே சொந்தக்காரருடையது. துப்பாக்கி ஆட்டமான ‘கால் ஆஃப் டியூட்டி’யை வெளியிடுகிற ஆக்டிவிஷன் பிளிஸார்ட், மிட்டாய் ஆட்டமான ‘கேண்டி கிரஷ் சாகா’வைச் செய்த கிங் நிறுவனத்தை 2016-ல் 590 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் அந்த மொத்தத்தையும் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஒரே முதலாளி, ஒரே கணக்குப் புத்தகம், இரண்டு வாசல். தீவிரம் என்று பலகை மாட்டிய வாசலில் நுழைகிறவர் தன்னை மற்ற வாசலில் நுழைகிறவரைவிட உயர்ந்தவராக நினைத்துக்கொள்வதில் கடைக்காரருக்கு ஆட்சேபணை என்ன இருக்கப்போகிறது? அந்த நினைப்பும் விற்பனைச் சரக்குதான்.

*

இப்படிச் சொல்வதால், எல்லா விளையாட்டும் ஒன்றுதான், அவரவர் ருசி அவரவருக்கு என்கிற முடிவுக்கு நான் வரவில்லை. அந்த முடிவு விமர்சகனுக்கு விடுமுறை கொடுப்பது. கோடு வேண்டும், அது வேறு இடத்தில் கிழிக்கப்பட வேண்டும். ஆடுகிறவர் தோற்கும்போது விளையாட்டு அந்தத் தோல்வியை என்ன செய்கிறது என்பதுதான் அந்த இடம் என்று நினைக்கிறேன். வேறு எந்தக் கலையிலும் இது இல்லை. நாவலைப் படிக்கிறவர் தோற்பதில்லை. சலித்து மூடிவிடலாம், அவ்வளவுதான். விளையாட்டில் மட்டும் தோல்வி நம்முடைய சொந்தத் தோல்வியாக வந்து விழுகிறது. இந்தக் கலைக்கே உரிய கச்சாப் பொருள் அது.

ஹிதெதாகா மியாசாகி இயக்கிய டார்க் சோல்ஸ் (2011) இந்தப் பொருளை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கலாம். எதிரிகளைக் கொன்று சேர்க்கிற ஆன்மாக்கள்தான் அதில் நாணயம். பலம் பெறுவதும் பொருள் வாங்குவதும் அதைக் கொண்டுதான். செத்தால் அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். கடைசியாக ஓய்வெடுத்த தீமூட்டத்திலிருந்து புறப்பட்டு, மறுபடி உயிர்த்துவிட்ட எதிரிகளைக் கடந்து, அந்த இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் பழையது ஒழிந்தது. முதலில் இது வெறும் கொடுமையாகப் படும். நாலைந்து தடவை போய் வந்த பிறகுதான் தெரிகிறது, அந்த வழி நமக்கு மனப்பாடமாகிவிட்டது என்று. முதல் தடவை பயந்து ஒதுங்கிய மூலையில் எந்தப் பக்கம் கால் வைக்க வேண்டும் என்பது இப்போது கைக்கே தெரியும். பாத்திரத்தின் பலம் கூடவில்லை; ஆடுகிறவர் மாறியிருக்கிறார். போதாதென்று, முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் செத்த ரத்தக் கறைகளும் தரையில் எழுதிவிட்டுப் போன எச்சரிக்கைகளும் வழியெங்கும் கிடக்கின்றன. தோல்வி இங்கே ஒரு அறிவு. அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் முடிகிறது.

2012-ல் வந்த கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர்கள். ஒரு கட்டத்தில் தோற்றால் ஒரு உயிர் போகும். போன உயிர் திரும்ப அரை மணி நேரம் ஆகும். இன்னும் இரண்டே மிட்டாய் பாக்கி என்கிற தருணத்தில் நகர்வுகள் தீர்ந்தால், மேலும் ஐந்து நகர்வுகள் வாங்கிக்கொள்கிறாயா என்று ஒரு பெட்டி எழும்புகிறது. மேலிருந்து எந்த மிட்டாய் விழும் என்பது அதிர்ஷ்டம். ஆகவே தோற்றது என் பிழையாலா, விழுந்த மிட்டாயாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. கற்றுக்கொள்ள ஏதும் இல்லாத தோல்விக்கு மூன்று மருந்துகள்: காசு, காத்திருப்பு, சிநேகிதர்களிடம் உயிர்ப் பிச்சை. பெரும்பாலோர் காசு தராமலேதான் ஆடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய தோல்வியும் அந்தப் பெட்டியின் முன்னால்தான் வந்து நிற்கிறது. இதில் தோல்வி ஒரு கடைத்தெரு.

இது மிட்டாய்க் கடைக்கு மட்டும் உரிய பாவம் இல்லை. 2017-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ முழு விலை கொடுத்து வாங்குகிற தீவிர விளையாட்டு. பலம் தருகிற சாமான்களை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளில் போட்டு, அந்தப் பெட்டிகளைக் காசுக்கும் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததால் வெளியீட்டுக்கு முந்தின நாள் காசு வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதியது. வாளும் கவசமும் பூட்டிக்கொண்ட கேண்டி கிரஷ்கள் எத்தனையோ உண்டு என்பதுதான் விஷயம். நான் சொல்கிற கோடு சாவகாசத்துக்கும் தீவிரத்துக்கும் நடுவில் போகவில்லை. இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

அந்தக் கோட்டின் நல்ல பக்கத்தில் சாவகாசத்துக்கும் இடம் உண்டு. டெட்ரிஸில் வெற்றி என்பதே கிடையாது. எவ்வளவு நேரம் தோற்காமல் இருந்தோம் என்பதுதான் கணக்கு. ஆனால் ஒவ்வொரு தோல்வியும் எந்தச் சதுரத்தை எங்கே அவசரப்பட்டு வைத்தோம் என்பதைத் திரையிலேயே அடுக்கிக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் பொதுவில் வைத்த ‘வேர்டில்’ ஐந்தெழுத்து வார்த்தை ஒன்றை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிப்பது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று அப்போது இருந்தது. தோற்றால் விடையைச் சொல்லிவிட்டு, நாளைக்கு வா என்று கதவைச் சாத்திவிட்டது. இன்னொன்று ஆடக் காசு கேட்கவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் தரவும் இல்லை. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது; தினம் ஒரு வார்த்தை என்கிற விதி அப்புறமும் இருந்தது. ஆடுகிறவருடைய மீதி நாள் அவருடையது என்று ஒப்புக்கொள்கிற விளையாட்டு அது. இந்த மரியாதையை அறுபது மணி நேரக் காவியங்கள் பலவற்றில் நான் பார்த்ததில்லை.

விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் வருகிற எழுத்து இன்னும் பெரும்பாலும் இரண்டு வகைதான்: குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிற புலம்பல், அல்லது புதிதாக வந்த சரக்கின் விளம்பரம். இரண்டுமே விளையாட்டை ஆடிப் பார்த்து எழுதப்படுபவை அல்ல. இந்தப் பக்கங்களில் யாராவது இதைப் பற்றி எழுத முன்வந்தால், எடுத்த விளையாட்டு காஷுவலா ஹார்ட்கோரா என்கிற விசாரணையோடு ஆரம்பிக்க வேண்டாம். அதைக் கடைக்காரர் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார். அதில் தான் தோற்றபோது என்ன நடந்தது, திரும்ப ஆடியபோது என்ன தெரிந்திருந்தது, நடுவில் யாராவது கை நீட்டினார்களா என்று எழுதட்டும். அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.